அத்தியாயம் 6: கணக்கு வினாத்தாளை நாமே தட்டச்சு செய்தல்

தமிழ் வினாத்தாளைத் தட்டச்சு செய்வது பலருக்கும் பழகிவிட்ட வேலை. சமூக அறிவியல் என்றால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கணக்கு வந்ததும்தான் கை தடுமாறும். பின்னத்தை எப்படிப் போடுவது, மூலக்குறியை எங்கே தேடுவது, அடுக்கை மேலே ஏற்றுவது எப்படி என்று தெரியாமல், அந்த இடங்களைக் காலியாக விட்டு அச்செடுத்து, பிறகு பேனாவால் நிரப்புகிற ஆசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள். வேறு சிலர் சாய்கோடு போட்டுச் சமாளிக்கிறார்கள்.

சமாளிப்பில் கணக்கே மாறிவிடும் ஆபத்து உண்டு. '2³ × 2⁴ இன் மதிப்பு காண்க' என்ற வினாவை எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்கை மட்டும் மேலே தூக்கிவிட்ட அந்த வரியை வாட்ஸ்ஆப்பில் ஒட்டி அனுப்பினால், போய்ச் சேரும்போது அது '23 × 24' ஆகியிருக்கும். 128 என்று விடை வர வேண்டிய இடத்தில் மாணவர் 552 என்று எழுதுவார். அவர் போட்ட பெருக்கலில் பிழை ஏதும் இல்லை.

இந்த அத்தியாயம் மைக்ரோசாப்ட் வேர்ட் வைத்திருப்பவர்களுக்கானது. 2007 பதிப்பும் அதற்குப் பின் வந்தவையும் போதும். வேர்ட் இல்லாதவர்களுக்கான வழிகள் கடைசியில் இருக்கின்றன. படங்கள், வரைபடங்கள் இங்கே வராது. எண்ணும் குறியும் மட்டும்.

தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

1. எழுத்துரு ஒருங்குறியில் இருக்க வேண்டும். விண்டோஸிலேயே வரும் நிர்மலா, லதா போன்றவை போதும். 2010 ஜூனிலேயே தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் பள்ளிகளிலும் டிடிபி கடைகளிலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஆங்கில எழுத்துகளும் கணிதக் குறிகள் சிலவும் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் எழுத்துத் துண்டுகள் உட்கார்ந்திருக்கும். கூட்டல் குறியை அடித்தால் அப்படியொரு துண்டு வந்து நிற்கும். கணக்கு வினாத்தாளுக்கு அவை ஒத்துவராது.

2. கோப்பு புதிய வடிவத்தில் இருக்க வேண்டும். 'வேர்ட் 97-2003' வடிவில் சேமித்த கோப்பைத் திறந்தால், மேலே தலைப்புப் பட்டையில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்று காட்டும். அந்த நிலையில் ஈக்குவேஷன் பொத்தான் மங்கிக் கிடக்கும். 'ஃபைல்' பட்டியலில் 'சேவ் ஆஸ்' கொடுத்து, 'வேர்ட் டாக்குமென்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். பொத்தான் உயிர் பெறும்.

3. தமிழ், ஆங்கிலம் என இரண்டு விசைப்பலகைகளும் தயாராக இருக்க வேண்டும். விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு ஸ்பேஸ்பாரைத் தட்டினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். இந்த வேலையில் இதை நூறு தடவை செய்யப்போகிறீர்கள். இப்போதே கைக்குப் பழக்கிவிடுங்கள்.

4. வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' என்று இருக்கக் கூடாது. இருந்தால் பின்னத்தின் தலையும் காலும் வெட்டுப்படும். 'பாராகிராஃப்' பெட்டியில் 'சிங்கிள்' அல்லது 'அட் லீஸ்ட்' என்று மாற்றுங்கள்.

ஒரே விதி: தமிழ் வெளியே, கணக்கு உள்ளே

வேர்டில் ஈக்குவேஷன் பெட்டி என்று ஒன்று திறக்கும். அதற்குள் அடிப்பவை எல்லாம் கணிதமாகக் கருதப்படும். எண்கள் நேராக நிற்கும், மாறிகள் தாமாகச் சாயும், கூட்டல் கழித்தலுக்கு இருபுறமும் அளவான இடம் விடப்படும். இந்த ஏற்பாடு கணிதத்துக்கென்று செய்யப்பட்டது. தமிழ்ச் சொல்லை அதற்குள் போட்டால் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறலாம்.

ஆகவே 'எனில்', 'மற்றும்', 'இன் மதிப்பு', 'செ.மீ.' எல்லாம் பெட்டிக்கு வெளியே. எண்ணும் மாறியும் குறியும் உள்ளே. ஒரு வினாவில் இரண்டு கோவைகள் இருந்து நடுவில் 'மற்றும்' வந்தால், இரண்டு பெட்டிகள் போடுங்கள். இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பேன் என்றால், இதை வையுங்கள்.

முதல் வினா: படிப்படியாக

நாம் அடிக்கப்போகும் வினா: 'சுருக்குக: (3/4 + 5/6) ÷ 2'. இரண்டு பின்னங்களும் மேலும் கீழுமாக, நடுவில் கோட்டுடன் வர வேண்டும்.

1. தமிழ் விசைப்பலகையில் 'சுருக்குக:' என்று அடித்து ஓர் இடைவெளி விடுங்கள்.

2. விண்டோஸ் விசை + ஸ்பேஸ்பார் தட்டி ஆங்கிலத்துக்கு மாறுங்கள்.

3. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சமக்குறி (=) விசையைத் தட்டுங்கள். சிறிய பெட்டி ஒன்று திறக்கும். மேக் கணினியில் ஆல்ட்டுக்குப் பதில் கன்ட்ரோல் விசை.

4. இடது அடைப்புக்குறியை அடியுங்கள். பிறகு 3/4 என்று அடித்து ஸ்பேஸ்பாரைத் தட்டுங்கள். அந்தக் கணமே சாய்கோடு படுத்து, 3 மேலேயும் 4 கீழேயும் போகும். அந்த இடைவெளி அச்சில் வராது. 'இதைப் பின்னமாக்கு' என்ற உத்தரவு மட்டும்தான் அது.

5. கூட்டல் குறி அடித்து, 5/6 அடித்து, மறுபடி ஸ்பேஸ்பார்.

6. வலது அடைப்புக்குறி, ஸ்பேஸ்பார். அடைப்புக்குறிகள் இரண்டும் பின்னத்தின் உயரத்துக்கு வளர்வதைப் பார்ப்பீர்கள்.

7. பின்சாய்வுக்கோடு (\) அடித்து, அதை ஒட்டி டி, ஐ, வி என்ற மூன்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளை அடித்து ஸ்பேஸ்பார் தட்டுங்கள். ÷ வந்துவிடும். பிறகு 2 அடியுங்கள்.

8. வலது அம்பு விசையைத் தட்டிப் பெட்டியிலிருந்து வெளியே வாருங்கள். பெட்டியின் ஓரக்கோடு மறையும் வரை தட்டுங்கள்.

9. தமிழுக்கு மாறி அடுத்த வரிக்குப் போங்கள்.

குறிப்பு: எட்டாம் படியை மறந்தால் அடுத்து அடிக்கும் தமிழெல்லாம் பெட்டிக்குள் போய்விடும். அப்படிப் போனால் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். கன்ட்ரோல் + இசட் அடித்து, பெட்டிக்கு வெளியே வந்து மறுபடி அடிப்பதே விரைவு.

நான்கு உருவங்கள்

பத்தாம் வகுப்பு வரையிலான வினாத்தாளில் பெட்டிக்குள் போகிறவை பெரும்பாலும் இந்த நான்கில் அடங்கிவிடும்.

*பின்னம்.* சாய்கோடு தனக்கு முன்னும் பின்னும் உள்ள ஒரே ஒரு உறுப்பைத்தான் பிடிக்கும். 3+5/2 என்று அடித்தால் 5 மட்டும் தொகுதி ஆகும். 3+5 முழுவதும் மேலே போக வேண்டுமானால் (3+5)/2 என்று அடித்து ஸ்பேஸ்பார் தட்டுங்கள். பின்னம் உருவானதும் அடைப்புக்குறி தானாக மறைந்துவிடும். மறையாமல் அச்சிலும் வர வேண்டுமானால் இரண்டு முறை போடுங்கள்: ((3+5))/2.

*கலப்பு பின்னம்.* இரண்டே முக்கால் என்பதை இடைவெளியின்றி 23/4 என்று அடித்தால், 23 இன் கீழ் 4 வந்து நிற்கும். 2 அடித்த பிறகு, மேலே 'ஃப்ராக்‌ஷன்' பட்டியலைத் திறந்து வெற்றுப் பின்னத்தைத் தேர்ந்தெடுத்து, இரண்டு சிறு கட்டங்களிலும் எண்களை நிரப்புங்கள்.

*அடுக்கும் மூலமும்.* அடுக்குக்கு மேல்முனைக் குறி (^): 2^3 அடித்து ஸ்பேஸ்பார். குறை எண் அடுக்கு என்றால் அடைப்புக்குறி போடுங்கள்: 10^(-3). உருவானதும் அடைப்புக்குறி மறையும். கீழ்க்குறிக்கு அடிக்கோடு (_). வர்க்கமூலத்துக்குப் பின்சாய்வுக்கோட்டை ஒட்டி எஸ், க்யூ, ஆர், டி என்ற நான்கு எழுத்துகள், பிறகு ஸ்பேஸ்பார். கூரைக்கு அடியில் ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் வர வேண்டுமானால் அவற்றை அடைப்புக்குறிக்குள் அடியுங்கள். கனமூலத்தை 'ராடிகல்' பட்டியலில் எடுங்கள்.

*அணி.* 'மேட்ரிக்ஸ்' பட்டியலில் 2 × 2, 3 × 3 வெற்று அணிகள் இருக்கும். அடைப்புக்குறியோடு வருவதையே தேர்ந்தெடுங்கள். கட்டத்திலிருந்து கட்டத்துக்கு அம்பு விசையால் போகலாம். நிரையோ நிரலோ கூடுதலாக வேண்டுமென்றால், அணிக்குள் வலது சொடுக்குப் போட்டு 'இன்சர்ட்' கொடுங்கள்.

குறிப்பு: சைன், காஸ், டேன், லாக் போன்ற சார்புப் பெயர்கள் அச்சில் சாயாமல் நேராக நிற்க வேண்டும். பெயரை ஆங்கிலத்தில் அடித்ததும் ஸ்பேஸ்பார் தட்டினால் வேர்ட் அதைச் சார்பு என்று புரிந்துகொண்டு நிமிர்த்திவிடும். தட்டாமல் கோணத்தை ஒட்டி அடித்தால், மூன்று மாறிகளின் பெருக்கல்போல் சாய்ந்து நிற்கும்.

வரியின் நடுவே வரும் குறிகள்

ஒரே ஒரு குறிக்காகப் பெட்டி திறக்கத் தேவையில்லை. எண் விசைத்தொகுதி உள்ள விசைப்பலகையில், ஆல்ட்டை அழுத்தியபடியே இந்த எண்களை அந்தத் தொகுதியில் அடித்துக் கையை எடுங்கள்:

- × குறிக்கு 0215
- ÷ குறிக்கு 0247
- பாகைக் குறி ° வேண்டுமானால் 0176
- ± குறிக்கு 0177

விண்டோஸ் வேர்டில் இன்னொரு வழி: கீழே உள்ள எண்ணை அடித்து, உடனே ஆல்ட் + எக்ஸ் தட்டினால் எண் மறைந்து குறி வரும்.

- 2212: கழித்தல் −
- 2220: கோணம் ∠
- 2208: உறுப்பு ∈, 2209: உறுப்பல்ல ∉
- 2229: வெட்டு ∩
- 2282: உட்கணம் ⊂
- 2260: சமமல்ல ≠
- 2264: ≤, 2265: ≥
- 2234: ஆகவே ∴
- 2245: சர்வசமம் ≅

எச்சரிக்கை: எண்ணை ஒட்டி இதைச் செய்யாதீர்கள். '5' அடித்து இடைவெளி விடாமல் 2212 அடித்தால், வேர்ட் 52212 என்று சேர்த்துப் படித்துச் சம்பந்தமே இல்லாத ஓர் எழுத்தைக் கொண்டுவந்து போடும். முதலில் இடைவெளி, பிறகு எண், பிறகு ஆல்ட் + எக்ஸ்.

கழித்தல் குறியைப் பட்டியலில் முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. விசைப்பலகையில் இருக்கும் சிறுகோடு சொற்களை இணைப்பதற்கானது. அச்சில் குட்டையாக வரும். வரி முடியும் இடத்தில் விழுந்தால் கோடு மேல் வரியிலும் 3 கீழ் வரியிலுமாகப் பிரிந்து, −3 என்பது வெறும் 3 ஆகிவிடும். பெட்டிக்குள் இந்தக் கவலை இல்லை. அங்கே சிறுகோட்டை அடித்தாலே உண்மையான கழித்தல் குறியாக மாறிவிடும். அதேபோல <= அடித்தால் ≤, >= அடித்தால் ≥, +- அடித்தால் ± ஆகும்.

குறிப்பு: '12 செ.மீ.' என்பதில் 12 ஒரு வரியிலும் செ.மீ. அடுத்த வரியிலும் போகாமல் இருக்க, இரண்டுக்கும் நடுவில் சாதாரண இடைவெளிக்குப் பதில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஸ்பேஸ்பார் தட்டுங்கள்.

நான்கு விடைகளை அடுக்குதல்

ஒரு மதிப்பெண் வினாக்களில் (அ), (ஆ), (இ), (ஈ) ஆகியவற்றை ஸ்பேஸ்பாரைத் தட்டித் தட்டி நகர்த்துவதுதான் பலருடைய வழக்கம். உங்கள் திரையில் நேராகத் தெரியும். வேறு கணினியில் திறந்தால் ஒன்றன்கீழ் ஒன்று நில்லாமல் கலைந்துவிடும். ஒரு விடையில் பின்னமும் இன்னொன்றில் முழு எண்ணும் இருந்தால் கலைவது இன்னும் கூடும்.

1. வினா வரிக்குக் கீழே ஒரு நிரை, நான்கு நிரல் கொண்ட அட்டவணையைச் சேருங்கள்.

2. ஒவ்வொரு கட்டத்திலும் (அ), (ஆ), (இ), (ஈ) அடித்து, அதையடுத்து ஈக்குவேஷன் பெட்டியைத் திறந்து விடையை அடியுங்கள்.

3. அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்து, செங்குத்தாக நடுவில் நிறுத்தும் சீரமைப்பைக் கொடுங்கள். உயரமான பின்னத்துக்குப் பக்கத்தில் குட்டையான எண் வந்தாலும் ஒரே மட்டத்தில் நிற்கும்.

4. 'பார்டர்ஸ்' பட்டியலில் 'நோ பார்டர்' கொடுத்துக் கோடுகளை மறையுங்கள்.

5. இந்த அட்டவணையை நகலெடுத்து மற்ற வினாக்களுக்கும் ஒட்டி, விடைகளை மட்டும் மாற்றுங்கள்.

அடிக்கடி நேரும் தவறுகள்

*அரை ஒரு மாதிரி, மூன்றில் இரண்டு வேறு மாதிரி.* பெட்டிக்கு வெளியே 1/2, 1/4, 3/4 என்று அடித்தால் வேர்ட் தானாக ½, ¼, ¾ என்று ஒற்றை எழுத்தாக மாற்றும். 2/3 ஐயும் 5/6 ஐயும் தொடாது. ஒரே வினாவில் இரண்டு பாணிகள் கலந்துவிடும். தீர்வு எளிது: எல்லாப் பின்னங்களையும் பெட்டிக்குள் அடியுங்கள்.

*வரிகளுக்கு இடையே பெரும் பள்ளம்.* ஈக்குவேஷன் பெட்டி பயன்படுத்தும் எழுத்துருவின் பெயர் கேம்பிரியா மேத். அது சாதாரண வரிக்கு ஒட்டிக்கொண்டால் வரிக்கும் வரிக்கும் நடுவே இன்னொரு வினா எழுதும் அளவுக்கு இடம் விழும். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து உங்கள் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

*பின்னம் எறும்பளவு.* பெட்டி தனி வரியில் நின்றால் பின்னம் முழு அளவில் வரும். அதே வரியில் தமிழ்ச் சொல் இருந்தால், வரியின் உயரத்துக்குள் அடங்க வேண்டும் என்று வேர்ட் அதைச் சிறிதாக்கும். கோவை பெரிதாக இருந்தால் 'சுருக்குக:' என்று எழுதி, அதை அடுத்த வரியில் தனியாக நிறுத்துங்கள். சிறிதானால், பெட்டியை மட்டும் தேர்ந்தெடுத்து எழுத்தளவை இரண்டு புள்ளிகள் கூட்டுங்கள்.

*அடிப்பதெல்லாம் தமிழாக வருகிறது.* பெட்டியைத் திறந்த பிறகும் தமிழ் விசைப்பலகையிலேயே இருக்கிறீர்கள். மாற்றிவிட்டு அடியுங்கள்.

*பழைய வினாத்தாளின் கணக்கைத் திருத்த முடியவில்லை.* 'ஈக்குவேஷன் எடிட்டர் 3.0' என்ற பழைய கருவியில் செய்தவையாக இருக்கலாம். பாதுகாப்புக் குறைபாடு காரணமாக 2018 ஜனவரியில் மைக்ரோசாப்ட் அதை நீக்கிவிட்டது. 'சரிசெய்து தருகிறோம்' என்று கூவும் இணையதளங்களிலிருந்து அதை இறக்கிப் போடாதீர்கள். கணக்கைப் புதிய பெட்டியில் மறுபடி அடிப்பதே நல்லது.

*பாமினி வினா வங்கியை மாற்றியதும் குறிகள் உருமாறிவிட்டன.* எழுத்துரு மாற்றிகள் தமிழ்ச் சொற்களை நன்றாகவே ஒருங்குறிக்குக் கொண்டுவரும். வரியோடு கலந்துள்ள ஆங்கில மாறிகளையும் குறிகளையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். சொற்களை மட்டும் மாற்றியில் கொடுங்கள். கணக்குப் பகுதியைக் கையால் அடியுங்கள்.

*பழைய வடிவில் சேமித்ததும் பெட்டிகள் படமாகிவிட்டன.* கடைக்காரர் '97-2003 வடிவில் கொடுங்கள்' என்று கேட்டுக் கொடுத்தால் இதுதான் நடக்கும். அந்த வடிவில் இருக்கும்வரை படமானதைத் திருத்த முடியாது. மூலக் கோப்பை ஒருபோதும் அந்த வடிவில் சேமிக்காதீர்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன்

1. பிடிஎஃப் ஆக மாற்றுங்கள். 'ஃபைல்' பட்டியலில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால் வரும். கடையிலுள்ள கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டாலும் பிடிஎஃப் கலையாது. வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதானாலும் வரியை நகலெடுத்து ஒட்டாமல் பிடிஎஃப் கோப்பையே இணையுங்கள். அத்தியாயத்தின் தொடக்கத்தில் பார்த்த 23 × 24 விபத்து அப்போது நேராது.

2. தாளின் அளவைப் பாருங்கள். வேர்டில் ஏ4 வைத்துவிட்டு லீகல் தாளில் அச்செடுத்தால் பக்கம் இழுபடும் அல்லது சுருங்கும். சுருங்கினால் முதலில் பாதிக்கப்படுவது அடுக்குகள்தான்.

3. ஒரு தாளை அச்செடுத்து, அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த நகலைப் பாருங்கள். மாணவர் கைக்குப் போவது அதுதான். பின்னக் கோடு மங்கிவிட்டதா, கழித்தல் குறி தெரிகிறதா, அடுக்கில் உள்ள 3 ஆ 8 ஆ என்று சந்தேகம் வருகிறதா எனக் கவனியுங்கள். எழுத்தளவு 12க்குக் கீழே போனால் இந்தச் சந்தேகங்கள் கட்டாயம் வரும்.

4. கையில் பேனாவை எடுத்து, அந்த நகலிலிருந்து ஒவ்வொரு கணக்கையும் போடுங்கள். கையெழுத்துப் பிரதியைப் பார்க்காதீர்கள். நாம் மேலே அடித்த வினாவுக்கு 19/24 வர வேண்டும். வேறு விடை வந்தால் தட்டச்சில் அடைப்புக்குறியோ குறியோ எங்கோ நழுவியிருக்கிறது. ஒப்பிட்டுப் படிக்கும்போது கண் தவறவிடும் பிழை, கணக்கைப் போட்டுப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும்.

5. முடிந்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்து அவரையும் போடச் சொல்லுங்கள். வினாவை எழுதியவருக்கு, இல்லாத அடைப்புக்குறியும் இருப்பதாகத் தெரியும்.

வினாத்தாளின் பாதுகாப்பு

- கோப்புக்குக் கடவுச்சொல் வையுங்கள். 'ஃபைல்', 'இன்ஃபோ', 'புரொடெக்ட் டாக்குமென்ட்', 'என்க்ரிப்ட் வித் பாஸ்வேர்ட்' என்று வரிசையாகப் போங்கள். மறந்துவிட்டால் மைக்ரோசாப்டாலும் மீட்டுத்தர முடியாது. ஆகவே வேறிடத்தில் குறித்து வையுங்கள். பள்ளிக் கணினியின் திரையில் ஒட்டிவைக்காதீர்கள்.

- கடையில் அச்செடுத்தால் நின்று வாங்குங்கள். பென்டிரைவிலிருந்து கடைக் கணினிக்கு நகலெடுத்த கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். சரியாக விழாமல் ஒதுக்கிய தாள்களையும் எடுத்து வாருங்கள். குப்பைக் கூடையில் கிடக்கும் ஒரு தாளே போதும், வினா வெளியாகிவிடும்.

- கடைக் கணினியில் வாட்ஸ்ஆப் வெப் திறந்திருந்தால், கிளம்பும் முன் உங்கள் கைபேசியில் 'லிங்க்ட் டிவைசஸ்' பகுதிக்குப் போய் அதை வெளியேற்றுங்கள். மின்னஞ்சலுக்கும் இதே கவனம்.

- கடைக்குப் போய்வந்த பென்டிரைவை வைரஸ் சோதனை செய்யாமல் பள்ளிக் கணினியில் செருகாதீர்கள்.

- இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரி வினாத்தாள் வேர்ட் கோப்பைத் திறக்கும்போது 'எனேபிள் கன்டென்ட்' என்று மஞ்சள் பட்டை கேட்டால் சொடுக்காதீர்கள். வினாவைப் படிக்க அந்த அனுமதி தேவையே இல்லை.

வேர்ட் இல்லாதவர்களுக்கு

*லிப்ரே ஆஃபீஸ்.* இலவசம். 'இன்சர்ட்' பட்டியலில் 'ஃபார்முலா' என்று தேடுங்கள். திரையின் கீழே கட்டளைப் பெட்டி ஒன்று திறக்கும். பின்னத்துக்குச் சாய்கோடு கிடையாது. இரண்டு எண்களுக்கும் நடுவில் 'ஓவர்' என்ற ஆங்கிலச் சொல்லை அடிக்க வேண்டும். பட்டியலிலிருந்து சொடுக்கியும் எடுக்கலாம். வேர்டில் செய்த கோப்பை இங்கே திறந்தால் பெட்டிகள் மாற்றப்பட்டே திறக்கும். அணிகளையும் அடைப்புக்குறிகளையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

*கூகுள் டாக்ஸ்.* இதிலும் ஈக்குவேஷன் வசதி உண்டு. பின்னம், அடுக்கு, மூலம் போதுமென்றால் இது போதும். பலர் சேர்ந்து ஒரே வினாத்தாளைத் தயாரிக்க வசதி. பகிர்வு அமைப்பில் 'இணைப்பு உள்ள எவரும்' என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

*கைபேசி.* ஜிபோர்டு விசைப்பலகையில் எண்ணைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் ², ³, ½ போன்றவை மேலே எழும்பும். இவை தனி எழுத்துகள் என்பதால் வாட்ஸ்ஆப்பில் அனுப்பினாலும் கீழே இறங்காது. வீட்டுப்பாடம் அனுப்ப இது ஏற்றது; முழு வினாத்தாளுக்குப் போதாது.

*டெக், லேடெக்.* நூலாகவே எழுதப்போகிறவர்கள் இதைக் கற்றுக்கொள்ளலாம். தம் நூலின் இரண்டாம் பதிப்புக்கான அச்சுப்படிகளில் கணிதம் வந்திருந்த அழகைப் பார்த்து மனம் நொந்த அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்டு நூத், 1977-78இல் டெக் மென்பொருளைத் தாமே எழுதத் தொடங்கினார். லெஸ்லி லாம்போர்ட் 1980களில் அதன்மேல் லேடெக்கைக் கட்டினார். கணித ஆய்விதழ்கள் பெரும்பாலும் இன்றும் இதில்தான் உருவாகின்றன. ஒருங்குறித் தமிழுக்கு ஸீடெக் அல்லது லுவாடெக் வேண்டும். கற்கச் சில வாரங்கள் பிடிக்கும். நாளை காலைத் தேர்வுக்கு இன்றிரவு தொடங்காதீர்கள்.

பயிற்சி

அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன் இந்த ஐந்தையும் ஒரே பக்கத்தில் தட்டச்சு செய்து, ஜெராக்ஸ் நகல் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

1. (5 + 7) முழுவதும் தொகுதியாகவும் (2 + 4) முழுவதும் பகுதியாகவும் உள்ள பின்னம். விடை 2.

2. இரண்டே முக்காலிலிருந்து ஒன்றரையைக் கழிக்க. விடை ஒன்றேகால்.

3. 9 + 16 முழுவதும் ஒரே வர்க்கமூலக் கூரையின் கீழ். விடை 5. விடை 19 வந்தால் கூரை 9 ஓடு நின்றுவிட்டது என்று பொருள்.

4. 5 பெருக்கல் 10 இன் அடுக்கு −3. விடை 0.005.

5. நிரைகள் முறையே 1, 2 மற்றும் 3, 4 எனக் கொண்ட 2 × 2 அணி. அதன் அணிக்கோவை காண்க. விடை −2. விடையையும் தட்டச்சு செய்து, கழித்தல் குறி சிறுகோடாக வந்திருந்தால் மறுபடி அடியுங்கள்.

ஐந்தும் நகலில் தெளிவாக வந்து, விடைகளும் பொருந்தினால், அந்தக் கோப்பை 'மாதிரி' என்று பெயரிட்டுச் சேமித்துவையுங்கள். அடுத்த வினாத்தாளை வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்காமல் இதிலிருந்து தொடங்குங்கள்: வேண்டிய உருவத்தை நகலெடுத்து ஒட்டி, எண்களை மட்டும் மாற்றினால் போதும்.